உயரம் கூடினால் ஈர்ப்பு எவ்வளவு குறையும்? எங்கே முடியும்?

விசுவமடு ஏஎல்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த முறை உயர்தரம் எழுதுகிறேன், பௌதிகவியலில் இப்போது ஈர்ப்புப் புலம் போய்க்கொண்டிருக்கிறது. ரியூசனில் ஒரு பல்தேர்வு வினா வந்தது: புவி மேற்பரப்பில் இருந்து எந்த உயரத்தில் ஈர்ப்பினாலான ஆர்முடுகல் (ஜி, அதாவது விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவு) பாதியாகும்? வகுப்பில் பாதிப்பேர் புவியின் ஆரையில் பாதி உயரம் என்றார்கள், மீதிப்பேர் ஆரையின் 0.41 மடங்கு என்றார்கள், சேர் 0.41 தான் சரி என்று பலகையில் ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டார், அவருக்குப் பாடத்திட்டம் முடிக்கிற அவசரம். சமன்பாடு எனக்குத் தெரியும், பிரதியிட்டால் விடை வருகிறது, ஆனால் ஏன் அப்படி என்று பிடிபடவில்லை.

இன்னொன்று. விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதக்கிறார்கள், அது 400 கிலோமீற்றர் உயரத்தில்தானாம். அப்படியென்றால் அந்த உயரத்திலேயே ஈர்ப்பு முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் 384,400 கிலோமீற்றர் தள்ளி நிற்கும் சந்திரனை எது பிடித்து வைத்திருக்கிறது? இரண்டும் ஒன்றாகச் சரியாக இருக்க முடியாதே. தமிழில் யாராவது விளக்கினால் நல்லது, ஆங்கில வீடியோக்காரர் கதைக்கும் வேகத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

முறிகண்டிக் கச்சான்:

விண்வெளியில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் ஈர்ப்பும் இல்லை. அவ்வளவுதான் தம்பி. இதற்கு ஏன் இவ்வளவு நீட்டு முழக்கம்.

வெண்கட்டி:

கச்சான், காற்றுக்கும் ஈர்ப்புக்கும் முடிச்சுப் போடாதீர்கள். சந்திரனில் காற்று இல்லை என்றே சொல்லலாம். 1971 இல் அப்பலோ 15 இல் போன டேவிட் ஸ்கொட் அங்கே நின்று ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொட்டன. காற்று இல்லாததால் இறகு பின்தங்கவில்லை, ஈர்ப்பு இருந்ததால் இரண்டும் விழுந்தன. புவியைச் சுற்றிக் காற்று நிற்பதே ஈர்ப்பினால்தான், நீங்கள் சங்கதியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

தம்பி விசுவமடு, நான் முப்பது வருடத்துக்கு மேல் இதைப் படிப்பித்தவள், இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான்: தூரத்தை எங்கே இருந்து அளப்பது. நிலத்தில் இருந்து அளக்கிறார்கள். அளக்கவேண்டியது புவியின் மையத்தில் இருந்து. சீரான ஒரு கோளம் வெளியே உள்ள பொருளை இழுக்கும்போது, அதன் திணிவு முழுவதும் மையப் புள்ளியில் குவிந்திருந்தால் எப்படி இழுக்குமோ அப்படித்தான் இழுக்கும். நியூட்டன் இதை நிறுவி 1687 இல் வெளியான தன் பிரின்சிப்பியாவில் எழுதிவைத்தார். ஆகவே நீங்கள் விசுவமடுச் சந்தியில் நிற்கும்போதே 6371 கிலோமீற்றர் தள்ளித்தான் நிற்கிறீர்கள். 400 கிலோமீற்றர் மேலே போனால் தூரம் 6371 இல் இருந்து 6771 ஆகிறது. இது பெரிய மாற்றமா, நீங்களே சொல்லுங்கள்.

இனி வர்க்கம் ஏன். முந்தி வயல் காவலுக்குப் போகிறவர்கள் குடிலில் பெற்றோல்மக்ஸ் கொளுத்தி வைப்பார்கள். அந்த விளக்கைச் சுற்றி மனதுக்குள் ஒரு கோளம் வரையுங்கள், விளக்கின் வெளிச்சம் முழுவதும் அந்தக் கோளத்தின் மேற்பரப்பு வழியாகத்தான் வெளியே போகவேண்டும். இரண்டு மடங்கு தூரத்தில் இன்னொரு கோளம் வரைந்தால் அதன் மேற்பரப்பு நான்கு மடங்கு. அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பகிரப்படுகிறது, ஆகவே உங்கள் கையில் உள்ள கொப்பிமேல் விழுவது கால் பங்கு. மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒன்று. ஈர்ப்பும் இதே கணக்கில்தான் மெலிகிறது. இதில் ஒரு எல்லைக்கோடு எங்கேயாவது வருகிறதா? வராது. மெலிந்துகொண்டே போகும், பூச்சியமாகாது.

இப்போது உங்கள் வினா. ஜி பாதியாக வேண்டுமென்றால் தூரத்தின் வர்க்கம் இரண்டு மடங்காக வேண்டும், தூரம் 1.414 மடங்கு. அதில் ஒரு ஆரை ஏற்கெனவே உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. மிச்சம் 0.414 ஆரை, அதாவது ஏறக்குறைய 2640 கிலோமீற்றர். அரை ஆரை உயரம் என்று சொன்னவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: தூரம் 1.5 மடங்கு, வர்க்கம் 2.25, ஜி ஒன்பதில் நான்கு பங்கு. பாதிக்கும் கீழே போய்விட்டது. பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் இல்லை, ஆகவே இரண்டின் வர்க்கமூலம் 1.41, மூன்றினது 1.73 என்று தலையில் இருக்கட்டும்.

விசுவமடு ஏஎல்:

நன்றி ரீச்சர். மையத்தில் இருந்து என்றவுடன் பாதி விளங்கிவிட்டது. 400 இல் கணக்கிட்டுப் பார்த்தேன், 9.8 இல் இருந்து 8.7 க்குத்தான் குறைகிறது. நூற்றுக்கு 89 பங்கு அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் அவர்கள் மிதப்பது எப்படி என்பது இன்னும் கூடக் குழப்பமாகிவிட்டது.

மாங்குளத்துத் தட்டு:

நான் படித்தது ஓ/எல் வரைக்கும்தான், தொழில் ரீவித் தட்டுப் பூட்டுவது. ஆனால் இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தட்டைக் கம்பத்தில் ஏற்றி, மீற்றரைப் பார்த்துப் பார்த்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சிக்னல் உச்சத்துக்கு வந்ததும் நட்டை இறுக்கினால் பிறகு வருடக்கணக்கில் அதைத் தொடத் தேவையில்லை. ஒரு விரல் அகலம் விலகினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். குரங்கு ஏறித் தொங்கி விலகியிருக்கிறது, கச்சான் காற்றுக்கு விலகியிருக்கிறது (பெயருக்கு மன்னிக்கவும் அண்ணை), ஆனால் மேலே இருக்கிற செய்மதி விலகிப்போய் நான் திரும்ப ஏணி வைத்ததில்லை. அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். நாங்கள் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால்தான் எங்கள் பக்கத்துத் தட்டுகள் அண்ணாந்து பார்க்கின்றன, லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பும் படங்களில் தட்டு பக்கத்து வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

என் கேள்வி கச்சான் அண்ணைக்கு. ஈர்ப்பு 400 இல் முடிந்தால் 35,786 இல் இருப்பது ஏன் தன்பாட்டில் ஓடிப்போகவில்லை?

முறிகண்டிக் கச்சான்:

சரி, ஈர்ப்பு இருக்கிறது என்றே வைப்போம். அப்போ ஏன் விழவில்லை? இழுக்கிறது என்றும் சொல்கிறீர்கள், விழவில்லை என்றும் சொல்கிறீர்கள். எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள். நான் விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைக்கவேண்டாம்.

வெண்கட்டி:

நல்ல கேள்வி, இதைத்தான் முதலே கேட்டிருக்கவேண்டும். விடை: விழுகிறது. எந்நேரமும் விழுந்துகொண்டே இருக்கிறது.

நியூட்டன் இதற்கு ஒரு உயர்ந்த மலையும் பீரங்கியும் வைத்துப் படம் போட்டார். எங்கள் ஊரில் பீரங்கி வேண்டாம், கல் என்றே வைத்துக்கொள்வோம். காற்று இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். கிளிநொச்சியில் நின்று ஒரு கல்லைக் கிடையாக எறிகிறீர்கள். எவ்வளவு வேகமாக எறிந்தாலும் முதல் செக்கனில் அது 4.9 மீற்றர் கீழே வந்துவிடும், அதை மாற்ற முடியாது. ஆனால் புவியும் தட்டையில்லை. கிடையாக ஏறக்குறைய 7.9 கிலோமீற்றர் போனால் நிலம் அதே 4.9 மீற்றர் கீழே வளைந்துவிடும். ஆகவே செக்கனுக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால், ஒரு செக்கனில் கல் பரந்தனைத் தாண்டியிருக்கும், 4.9 மீற்றர் விழுந்திருக்கும், நிலமும் அதே அளவு இறங்கியிருக்கும். அடுத்த செக்கனிலும் அதே கதை. கல் விழ விழ நிலம் விலகிக்கொண்டே போகிறது, கல்லுக்கு நிலம் எட்டாது. இதற்குப் பெயர்தான் ஒழுக்கு.

விண்வெளி நிலையம் செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது, 92 நிமிடத்துக்கு ஒரு சுற்று. உள்ளே இருப்பவர், அவருடைய பேனை, தண்ணீர்த் துளி, நிலையத்தின் தரை எல்லாம் ஒரே ஆர்முடுகலில் ஒன்றாக விழுகின்றன. தரை காலைத் திருப்பித் தள்ளவில்லை, தள்ளாததால் பாரம் தெரியவில்லை. நாங்கள் பாரம் என்று உணர்வது புவி இழுப்பதை அல்ல, நிலம் எங்களைத் தாங்குவதை. 400 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் ஒருவர் நின்றால் மிதக்கமாட்டார். இங்கே தராசில் 60 காட்டுகிறவர் அங்கே அதே தராசில் 53 காட்டுவார், கால் உளையும், எல்லாம் வழமைபோல.

மாங்குளத்துத் தம்பியின் செய்மதிக்கு: மையத்தில் இருந்து 42,164 கிலோமீற்றர், ஆரையின் 6.6 மடங்கு, ஆகவே ஈர்ப்பு ஏறக்குறைய 44 இல் ஒரு பங்கு, 0.22 தான். இழுவை குறைவு என்பதால் வேகமும் குறைவாகப் போதும், செக்கனுக்கு 3.07 கிலோமீற்றர். அந்த வேகத்தில் அவ்வளவு பெரிய வட்டத்தைச் சுற்றி முடிக்க 23 மணி 56 நிமிடம். புவி தன்னைத்தானே சுற்றும் நேரமும் அதே. அதனால்தான் அது அசையாமல் நிற்பதுபோல இருக்கிறது, உங்கள் நட்டும் தப்பிக்கிறது.

மாரி ஓய்ந்து வானம் வெளித்த நாட்களில் பொழுதுபட்டுக் கருக்கல் நேரத்தில் முற்றத்தில் நின்று பாருங்கள், விண்வெளி நிலையம் வரும் நாளாக இருந்தால் மின்னாத ஒரு வெளிச்சம் ஐந்தாறு நிமிடத்தில் வானத்தை வெட்டிக்கொண்டு போகும். அந்த ஓட்டம் நின்றால் அது நேரே கீழே வரும்.

விசுவமடு ஏஎல்:

அப்போ சந்திரனும் விழுகிறதா?

வெண்கட்டி:

விழுகிறது. நியூட்டன் தன் விதியைச் சோதித்துப் பார்த்ததே அதில்தான். சந்திரன் இருப்பது 60 புவி ஆரை தூரத்தில். 60 இன் வர்க்கம் 3600. ஆகவே அங்கே ஆர்முடுகல் 9.8 ஐ 3600 ஆல் பிரித்தது, 0.0027. இனி இந்தப் பக்கத்தை மறந்துவிட்டு, 27.3 நாளில் ஒரு சுற்று என்பதை மட்டும் வைத்து வட்ட இயக்கத்தின் மையநாட்ட ஆர்முடுகலை, அதாவது வட்டத்தில் சுற்றுவதற்கு மையத்தை நோக்கித் தேவையான ஆர்முடுகலை, கணக்கிட்டுப் பாருங்கள். அதே 0.0027 வரும். கல் ஒரு செக்கனில் விழும் தூரத்தைச் சந்திரன் ஒரு நிமிடத்தில் விழுகிறது, ஏனென்றால் 60 இன் வர்க்கம்தான் அங்கேயும் வேலை செய்கிறது. நான் படிப்பித்த காலம் முழுக்க இந்த இடத்துக்கு வரும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும், பிள்ளைகள் மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நெல்லுமூட்டை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மேலே போனால் பாரம் குறையும் என்றால், இங்கே ஒரு மூட்டை நெல்லை நிறுத்துவிட்டு லொறியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தால் குறையுமா? குறைந்தால் அந்த நட்டம் யாருக்கு?

துணுக்காய் மூன்றாம் வருடம்:

இதை நான் எடுக்கிறேன், பொறியியல் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு நேரம் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன்.

சிறிய உயரங்களுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது: குறையும் பங்கு, உயரத்தை ஆரையால் பிரித்து இரண்டால் பெருக்கியது. நுவரெலியா 1868 மீற்றர். 1.868 ஐ 6371 ஆல் பிரித்து இரண்டால் பெருக்கினால் 0.00059. 70 கிலோ மூட்டைக்கு 41 கிராம். உண்மையில் அவ்வளவும் குறையாது, ஏனென்றால் அங்கே காலுக்குக் கீழே மலை இருக்கிறது, அந்த மலையின் திணிவும் தன் பங்குக்கு இழுக்கிறது. அதைச் சேர்த்தால் முப்பது கிராமுக்குள் வந்துவிடும். பீதுருதாலகாலை உச்சி 2524 மீற்றர், எவெரெஸ்ற் உச்சிக்குப் போனாலும் நூற்றுக்கு 0.3 கூட வராது. 11 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் 0.35 அளவு.

அதிலும் எந்தத் தராசு என்பது முக்கியம். பழைய தட்டுத் தராசில் ஒரு பக்கம் படிக்கல், மறுபக்கம் நெல். மேலே போனால் இரண்டும் ஒரே பங்கால் குறையும், முள் நடுவிலேயே நிற்கும். அது ஒப்பிடுவது திணிவை. வில் தராசும் இப்போதைய மின்தராசும் அழுத்தும் விசையைத்தான் அளக்கின்றன, அதை 9.8 அளவான ஒரு எண்ணால் பிரித்துக் கிலோவாகக் காட்டுகின்றன, ஆகவே இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் துல்லியமான மின்தராசை வைக்கும் இடத்திலேயே படிக்கல் போட்டுச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

நெல்லுமூட்டை:

முப்பது கிராமா! ஈரப்பதம், சாக்கு, தூசி என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை கிலோக்கணக்கில் கழிக்கிற வியாபாரிகளைப் பார்த்தவனுக்கு நியூட்டன் ஒரு நல்ல மனிதர்.

நாயாற்றுக்காரி:

எங்கள் வீட்டில் கடல் தொழில். பறுவத்துக்கும் அமாவாசைக்கும் வற்றுப்பெருக்கு கூட இருக்கும், எட்டாம் ஒன்பதாம் நாளில் தண்ணீர் சோம்பிக் கிடக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. சந்திரன் இழுத்துத்தான் பெருக்கு வருகிறது என்கிறார்கள். ஆனால் சூரியன் எவ்வளவு பெரியது, புவியையே கட்டி இழுத்துச் சுற்ற வைக்கிறது. அப்படியென்றால் சூரியன்தானே கடலைக் கூட இழுக்கவேண்டும்? ஏன் எங்கள் ஆட்கள் சந்திரனைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிறார்கள்?

துணுக்காய் மூன்றாம் வருடம்:

அக்கா, இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். நீங்கள் நினைத்தது சரி, புவியைச் சூரியன் இழுப்பது சந்திரன் இழுப்பதைவிட ஏறக்குறைய 180 மடங்கு. ஆனால் வற்றுப்பெருக்கை உண்டாக்குவது இழுவையின் அளவு அல்ல. புவியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையில் அந்த இழுவை எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதுதான். எல்லாத் துளியையும் ஒரே அளவாக இழுத்தால் கடல், நிலம், நாங்கள் எல்லோரும் ஒன்றாக விழுவோம், ரீச்சர் சொன்ன விண்வெளி நிலையத்துக்குள் இருப்பவர்கள் மாதிரி, எதுவும் எதையும் விட்டு விலகாது. சந்திரனுக்குக் கிட்டிய பக்கத்துத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இழுபடுகிறது, எட்டிய பக்கத்தில் கொஞ்சம் குறைவாக. அதனால்தான் இரண்டு பக்கமும் புடைக்கிறது, நாளுக்கு இரண்டு பெருக்கு.

இழுவை தூரத்தின் வர்க்கத்தால் குறைகிறது என்றால் இந்த வித்தியாசம் தூரத்தின் கனத்தால் (மூன்றாம் அடுக்கால்) குறைகிறது. இரண்டு மடங்கு தூரத்தில் எட்டில் ஒன்று. சூரியன் சந்திரனைவிட 390 மடங்கு அளவு தூரத்தில் இருக்கிறது, ஆகவே 180 மடங்கு இழுவை என்ற பெருமை அந்த 390 ஆல் பிரிபட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது சந்திரனுடைய பங்கில் 0.46 தான். பறுவத்திலும் அமாவாசையிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று கூட்டாக இழுக்கும், எட்டாம் நாளில் குறுக்குக்கு இழுக்கும், தண்ணீர் சோம்பும்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள், எல்லாப் பறுவமும் ஒரே அளவு அல்ல. சந்திரன் கிட்ட வரும்போது 363,000 கிலோமீற்றர் அளவிலும் எட்டப் போகும்போது 405,000 அளவிலும் இருக்கும். தூரத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவுதான் வித்தியாசம், ஆனால் கனம் எடுத்தால் கிட்ட இருக்கும்போது விசை நூற்றுக்கு நாற்பது அளவு கூட. இந்த விசையே மொத்தத்தில் எங்கள் பாரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்குதான். ஆழ்கடல் முழுவதற்கும் அது சேரும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இலங்கைக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, கரையின் வடிவம் தோதான இடங்களில் பத்து மீற்றருக்கு மேலே போகும், கனடாவில் பண்டி விரிகுடா மாதிரி.

நாயாற்றுக்காரி:

விளங்கியது தம்பி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், "கனமோ வர்க்கமோ, கழிமுகம் வெட்டாமல் நண்டு வராது" என்கிறார்.

சங்கிலிக்காரன்:

நான் நில அளவையில் இருந்தவன். எல்லோரும் புவியைச் சீரான கோளம் என்று வைத்துக் கதைக்கிறீர்கள், பரீட்சைக்கு அது போதும். நிலத்தில் அப்படி இல்லை. நிலநடுக்கோட்டில் ஜி 9.78, துருவத்தில் 9.83. ஒரு காரணம் புவியின் சுழற்சி, மற்றது இடுப்பு பருத்திருப்பதால் நிலநடுக்கோட்டில் நிற்பவர் மையத்தில் இருந்து துருவத்தில் நிற்பவரைவிட 21 கிலோமீற்றர் அளவு தூரத்தில் நிற்கிறார். வன்னியில் 9.78 தான். 1672 இல் ஜோன் ரிஷே பாரிஸில் சரிபார்த்த ஊசல் மணிக்கூட்டைத் தென்னமெரிக்காவில் கயேனுக்குக் கொண்டுபோனபோது அது நாளுக்கு இரண்டரை நிமிடம் அளவு பிந்தியது, புவி சப்பையாக இருக்கிறது என்பதற்கு நியூட்டன் அதைத்தான் சாட்சிக்கு எடுத்தார்.

எங்கள் பக்கத்தில் இதைவிடச் சுவையான ஒன்று உண்டு. முல்லைத்தீவுக் கடற்கரையில் அலை காலில் அடிக்கும் இடத்தில் அளவைக் கருவியை வைத்தால், செய்மதியில் இருந்து எடுத்த மூல உயரம் கழித்தல் 90 மீற்றருக்கும் கீழே காட்டும். புதிதாக வேலைக்கு வரும் பொடியன்கள் கருவி பழுது என்பார்கள். கருவி நல்லாகத்தான் இருக்கும். கருவி ஒப்பிடுவது கணிதத்தில் வரைந்த ஒரு சீரான நீள்வளையக் கோளத்தோடு, கடல் மட்டம் நிற்பதோ ஈர்ப்பு எப்படிச் சொல்கிறதோ அப்படி. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் புவியிலேயே ஆகப் பெரிய ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது, அங்கே கடல் அந்தக் கணிதக் கோளத்தைவிட 106 மீற்றர் தாழ்வு. அதன் ஓரத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் அதற்குள் ஓடி விழாது, ஏனென்றால் தண்ணீருக்கு அதுதான் மட்டம்.

முறிகண்டிக் கச்சான்:

மேலே போனால் குறையும், ஒத்துக்கொள்கிறேன். அப்போ கீழே போனால் கூடவேண்டுமே? மையத்துக்குக் கிட்டப் போகிறோம். மையத்தில் தூரம் பூச்சியம், அப்படியென்றால் ஈர்ப்பு முடிவிலியா? இப்போது பிடிபட்டீர்களா!

வெண்கட்டி:

கச்சான், நீங்கள் வம்புக்குக் கேட்டாலும் நல்ல இடத்தில்தான் கேட்கிறீர்கள். வர்க்க விதி வெளியே நிற்பவருக்கு. உள்ளே போனால் உங்களுக்கு மேலே இருக்கும் ஓடு உங்களை இழுப்பது எல்லாப் பக்கத்தாலும் சமப்பட்டு அடிபட்டுப் போய்விடும், காலுக்குக் கீழே மிச்சம் இருக்கும் கோளம் மட்டும்தான் இழுக்கும். மையத்தில் கீழே ஒன்றும் மிச்சமில்லை, ஆகவே பூச்சியம். தம்பிமாருக்குப் பரீட்சையில் புவி சீரான அடர்த்தி என்று தந்திருந்தால் உள்ளே ஜி ஒரு நேர்கோடாகக் குறையும், மேற்பரப்பில் உச்சம், வெளியே வர்க்க வளையி. அந்த வரைபில் முனை கூராக வரவேண்டும், உருட்டி வரையாதீர்கள், புள்ளி போகும்.

உண்மைப் புவியில் நடுவில் இரும்பு, ஓடு பாரம் குறைந்த பாறை. அதனால் கீழே இறங்கும்போது முதலில் ஜி கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. 1854 இல் ஜோர்ஜ் எயரி இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஊசலைக் கொண்டுபோய்ப் பார்த்தார், அது மேலே இருந்ததைவிட வேகமாக ஆடியது. 2900 கிலோமீற்றர் ஆழத்தில், உருகிய இரும்பு தொடங்கும் இடத்தில், 10.7 அளவுக்கு ஏறி, அதற்குப் பிறகுதான் பூச்சியத்தை நோக்கி இறங்கும். ஆகவே கீழே போனால் கூடவேண்டும் என்று நீங்கள் சொன்னதில் பாதி சரி. முடிவிலிதான் இல்லை.

விசுவமடு ஏஎல்:

ரீச்சர், ஈர்ப்பு பூச்சியமாகவே ஆகாது என்றால் தப்பல் வேகம் என்று ஒன்று எப்படி வரும்? முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பதில் இருந்து எப்படித் தப்புவது?

வெண்கட்டி:

இழுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் வேகமாக மெலிகிறது, அதனால் செய்யவேண்டிய மொத்த வேலைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. விசை தூரத்தின் வர்க்கத்தால் குறைகிறது, ஈர்ப்பு அழுத்தம் (ஒரு கிலோவுக்கு உள்ள ஈர்ப்புச் சக்தி) தூரத்தால் மட்டும் குறைகிறது, இந்த இரண்டையும் குழப்பவேண்டாம். ஒரு ஆரை உயரத்தில் விசை கால் பங்குதான், ஆனால் தப்புவதற்கான வேலையில் பாதிதான் முடிந்திருக்கும்.

இதில் ஒரு அழகான விடை வரும். ஒரு கிலோவை முடிவிலி வரைக்கும் கொண்டுபோகத் தேவையான சக்தி, ஈர்ப்பு கொஞ்சமும் குறையாமல் 9.8 ஆகவே இருந்தால் அதை ஒரே ஒரு புவி ஆரை உயர்த்தத் தேவையான சக்திக்குச் சரி சமன். 9.8 ஐ 6,371,000 ஆல் பெருக்குங்கள், 62 மில்லியன் யூலுக்குச் சற்று மேலே. கரண்ட் பில் கணக்கில் பதினேழு யூனிற் சொச்சம். அந்தச் சக்தியை இயக்கச் சக்தியாக வைத்தால் வேகம் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர். ரொக்கெற்றுக்கு இவ்வளவு செலவாவது இந்தப் பதினேழு யூனிற்றால் அல்ல, எரிபொருளையும் சேர்த்துத் தூக்கவேண்டியிருப்பதால்.

ஒரு பயிற்சி தருகிறேன். புவியின் திணிவு சந்திரனுடையதைப்போல 81 மடங்கு. இரண்டின் இழுவையும் சமமாகும் இடம் எங்கே?

விசுவமடு ஏஎல்:

புவியில் இருந்து உள்ள தூரம், சந்திரனில் இருந்து உள்ள தூரத்தைப்போல 9 மடங்காக இருக்கவேண்டும், 9 இன் வர்க்கம் 81. மொத்தம் பத்துப் பங்கு. 384,400 இல் பத்தில் ஒன்பது, ஏறக்குறைய 346,000 கிலோமீற்றர். அந்த இடத்தில் ஒரு செய்மதியை விட்டால் அசையாமல் நிற்குமா?

துணுக்காய் மூன்றாம் வருடம்:

விடை சரி, செய்மதி நிற்காது. சந்திரன் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் அதோடு 27.3 நாளில் சுற்றவேண்டும், சுற்றுவதற்குப் புவிப் பக்கம் கொஞ்சம் இழுவை மிச்சம் இருக்கவேண்டும். ஆகவே கூடவே சுற்றக்கூடிய புள்ளி புவிப் பக்கம் தள்ளி வரும், 326,000 கிலோமீற்றர் அளவில். லக்ராஞ்சிப் புள்ளி என்பது அது. சூரியனுக்கும் புவிக்கும் இடையிலும் அப்படி ஒன்று இருக்கிறது, எங்களிடம் இருந்து 15 இலட்சம் கிலோமீற்றரில். இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது அந்தப் புள்ளியைச் சுற்றும் ஒழுக்குக்குத்தான். அங்கேயும் அது சும்மா நிற்காது, இடைக்கிடை எரிபொருள் செலவழித்து ஒழுக்கைத் திருத்திக்கொண்டிருக்கவேண்டும்.

மாங்குளத்துத் தட்டு:

நான் ஒன்று கேட்கிறேன். செவ்வாயில் ஆட்கள் குடியேறினால் அங்கேயும் தட்டுப் பூட்ட ஆள் வேண்டும்தானே. அங்கே செய்மதி எவ்வளவு உயரத்தில் நிற்கும்? இதே 35,786 தானா?

வெண்கட்டி:

விசுவமடுத் தம்பி செய்யட்டும். செவ்வாயின் திணிவு புவியினதில் 0.107, ஆரை 3390 கிலோமீற்றர், ஒரு சுழற்சி 24 மணி 37 நிமிடம்.

விசுவமடு ஏஎல்:

ஈர்ப்பு விசையை மையநாட்ட விசைக்குச் சமப்படுத்தினால் தூரத்தின் கனம், திணிவையும் சுற்றும் நேரத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதற்கு விகிதசமன். புவியோடு ஒப்பிட்டால் நேரம் 1.03 மடங்கு, வர்க்கம் 1.06. 0.107 ஆல் பெருக்க 0.113. கனமூலம் 0.484 (இதற்குக் கணிப்பான் பிடித்தேன்). 42,164 ஐ அதனால் பெருக்க 20,400. மையத்தில் இருந்து. ஆரையைக் கழித்தால் மேற்பரப்பில் இருந்து ஏறக்குறைய 17,000 கிலோமீற்றர்.

வெண்கட்டி:

சரி. விகிதசமன் என்று எழுதும் இடத்தில் இரண்டு சமன்பாட்டையும் முழுதாக எழுதிக் காட்டுங்கள், புள்ளி அந்தப் படிகளுக்குத்தான் போடுவார்கள்.